நர்ஸ் வராத நாலு நாளும் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வது? சிக் ரூம், மருந்து, 108: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக்காரர்கள் வாங்க

எல்லைக்கல்
திங்கள், இரவு 8.40

வணக்கமுங்க. கேரளா, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்கோரப் பள்ளி. தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே வளாகம், ஒண்ணு முதல் ஏழு வரை, 310 பிள்ளைகள். சுகாதார நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் வருவாங்க. மற்ற நாலு நாளும் டீச்சர்களும் ஆயாவும்தான். டைப் 1 சர்க்கரை ஒருத்தன் (நாலாம் வகுப்பு, 26 கிலோ), வலிப்பு மருந்து சாப்பிடுறவங்க ரெண்டு பேர், இன்ஹேலர் வச்சிருக்கிறவங்க நாலு பேர். ஜூனில் பள்ளி திறக்கும் முன் சிக் ரூமை ஒழுங்கு பண்ணணும். பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) 6,000 ரூபாய் தருது. என்ன வாங்கலாம், யார் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்திக்கணும்? பஞ்சு, கத்தரிக்கோல் என்கிற பொதுப் பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்குது.

வெள்ளைச்சேலை
திங்கள், இரவு 9.55

பணம் அப்படியே இருக்கட்டும். முதல் வேலை தாள். அந்த ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். ரெண்டாம் பக்கம் போனால் அவசரத்தில் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதில் என்ன இருக்கணும்: பெயர், வகுப்பு, இந்த மாதம் நிறுத்த எடை. போன வருஷ எடையைப் பார்த்து எழுதாதீங்க. இந்த வயசில் வருஷத்துக்கு 2, 3 கிலோ ஏறும், மருந்தளவோ எடையைப் பொறுத்தது. அடுத்து நோய், "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று மூன்று வரி, மருந்தின் பெயர், அளவு, எந்த அலமாரி எந்தத் தட்டு, கொடுக்கப் பழகிய இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போடாதவர்களாக இருக்கணும். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் அதே பள்ளியில் டீச்சர் என்றால் அந்த ஜோடி வேண்டாம். டாக்டர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, மூன்று போன் நம்பர். அப்பா கஞ்சிக்கோட்டு ஃபாக்டரியில் ஷிப்டில் இருந்தால் போன் லாக்கருக்குள் கிடக்கும். அதனால் மூன்றாவது நம்பர் பகலில் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

எங்கே நிறுத்திக்கணும் என்று கேட்டீங்க. டாக்டர் சீட்டு இல்லாமல் வீட்டிலிருந்து வரும் எந்த மருந்தும் பள்ளி அலமாரிக்குள் வரக்கூடாது. பாட்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பும் பாதி மாத்திரை, பெயர் தெரியாமல் வெட்டிய பட்டை, லேபிள் கிழிந்த சிரப், எல்லாம் அன்றைக்கே திரும்பிப் போகணும்.

ஒரு பதிவேடு. தேதி, மணி, பெயர், பிள்ளை சொன்னது, நீங்கள் பார்த்தது, செய்தது, எத்தனை மணிக்கு யாருக்குச் சொன்னீர்கள். "வயிற்றுவலி, வீட்டுக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்காக எழுதினால் மாதக் கடைசியில் தெரிந்துவிடும்: அந்த வயிற்றுவலி தினமும் 11 மணிக்குத்தான் வருது, பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறுது என்று.

ரெண்டுமொழி
செவ்வாய், காலை 6.20

தாள் எந்த மொழியில் என்பதையும் முடிவு பண்ணுங்க. நம்ம பக்கத்தில் பெரிய குழியே இதுதான்.

மலையாளத்தில் "வலிவு" என்றால் இளைப்பு, வீசிங். தமிழ் டீச்சர் காதில் அது வலிப்பு. "குட்டிக்கு வலிவு உண்டு" என்று போனில் கேட்டுவிட்டுப் பிள்ளையைப் படுக்கவைத்தால் போச்சு. இளைக்கிற பிள்ளைக்கு உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். வலிப்புக்கு அவர்கள் சொல்வது அபஸ்மாரம், காய்ச்சலோடு வந்தால் சன்னி. "பனி" அவர்களுக்குக் காய்ச்சல், நமக்கு மார்கழி மாசத்துப் பனி. மாத்திரைக்குக் குளிகை. வலிக்கு வேதனை.

"மயக்கம்" இன்னும் மோசம். மலையாளத்தில் அது தூக்கக் கலக்கம். நமக்கோ தலைசுற்றலிலிருந்து நினைவு தப்புவது வரை எல்லாமே மயக்கம்தான். அதனால் தாளில் அந்தச் சொல்லே வேண்டாம். "கூப்பிட்டால் கண் திறக்கிறானா, பெயர் கேட்டால் சொல்கிறானா" என்று எழுதுங்க. மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி மலையாளம். மருந்தின் பெயரை மட்டும் டப்பாவில் உள்ளபடி அதே எழுத்தில் பெரிதாக.

எல்லைக்கல்
செவ்வாய், காலை 7.05

இது தோணவே இல்லைங்க. சரி, சர்க்கரைப் பையனுக்கு மத்தியானம் ஒரு இன்சுலின் ஊசி உண்டு. ரத்தச் சர்க்கரை குறைந்து லோ ஆகிவிட்டால் சாக்லேட் கொடுக்கச் சொல்லி அம்மா ஒரு பாக்கெட் தந்திருக்காங்க. போதுமா?

சர்க்கரைக்கணக்கு
செவ்வாய், காலை 11.30

சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடர், இல்லாவிட்டால் வீட்டுச் சர்க்கரை.

ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் லோ. கை நடுக்கம், வெளிறிய முகம், காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல், நோட்டில் எழுத்து கோணலாவது. வியர்வையையும் சொல்வார்கள். ஆனால் மார்ச் மாசத்துச் சித்தூரில் வியர்க்காத பிள்ளை ஏது? அதனால் மீட்டரில் பாருங்க. மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றால் லோ என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்க.

சோதிக்கும் முன் கையைத் தண்ணீரில் கழுவித் துடைக்கணும். முதலமடை மாங்காய் சீசனில் மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் 60 இருக்கும் பிள்ளைக்கு 180 காட்டும். சானிடைசரைத் தடவிவிட்டுக் குத்தினால் போதாது, ஒட்டிய சாறு அப்படியே இருக்கும்.

15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் காத்திரு, மறுபடி பார். இதுதான் விதி. ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு இல்லை என்றால் பிறகு ரெண்டு பிஸ்கட். வகுப்பை விட்டுத் தனியாகச் சிக் ரூமுக்கு அனுப்பக் கூடாது. சர்க்கரை பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரணும்.

நினைவு சரியில்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீங்க. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. வீட்டுக்காரர் குளுக்ககான் ஊசி (சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசி) தந்திருந்தால் 25 கிலோவுக்குக் கீழே அரை மில்லிகிராம், மேலே 1 மில்லிகிராம் என்பது வழக்கம். உங்கள் பையன் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறான், ஆகவே டாக்டர் எழுதித் தந்த அளவுதான் செல்லும்.

மத்தியான ஊசியில் நடக்கிற தப்பு: 12.30க்கு ஊசி போட்டுவிட்டுச் சத்துணவு வரிசையில் நிற்கவைப்பது. வரிசை 25 நிமிஷம் நகராது. தட்டு கைக்கு வந்த பிறகு ஊசி. ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி கணக்கு, அதில் மாவுச்சத்து மட்டும் 78 கிராம் பக்கம் வரும். பையன் பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் போனால் ஊசி அதிகமாகிவிடும். அதனால் தட்டில் எவ்வளவு கரண்டி என்று அம்மாவோடு பேசி ஒரே அளவாக வைங்க.

வகுப்பில் சோதிப்பது, ஊசி போடுவது, இடையில் தின்பது, இதற்கெல்லாம் அனுமதி கொடுக்கணும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தயங்குகிற தலைமையாசிரியருக்கு அதைக் காட்டலாம். டைப் 1 பிள்ளைகளுக்கான கேரள அரசின் மிட்டாயி திட்டத்தில் பையன் பதிவாகியிருக்கிறானா என்றும் கேளுங்க.

கரண்டிக்காரன்
செவ்வாய், மதியம் 1.10

ஒரு திருத்தம். 15 கிராம் என்பது பெரியவர் கணக்கு. பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம். 26 கிலோவுக்கு 8 கிராம் போதும். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம், அதாவது ரெண்டு ஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில். குவித்து அள்ளினால் கணக்கு ஏறிவிடும். 15 கொடுத்தால் ஆபத்தில்லை, ஆனால் பிறகு சர்க்கரை தேவைக்கு மேல் ஏறி நிற்கும், அம்மா பயந்து கூடுதல் ஊசி போடுவார், சாயங்காலம் மறுபடி லோ.

சர்க்கரைக்கணக்கு
செவ்வாய், மதியம் 1.42

சரிதான். தாளில் "ரெண்டு ஸ்பூன், தலை தட்டி" என்றே எழுதுங்க. 8 கிராம் என்று எழுதினால் தராசு தேடுவார்கள். அலமாரியில் பாக்கெட்டாக வைப்பதைவிட ரெண்டு ஸ்பூன் அளவில் சின்னப் பொட்டலம் பத்து கட்டி, இரண்டு வகுப்பறை, பிடி டீச்சர் பை, பஸ் என்று பிரித்து வைப்பது மேல்.

மண்பானை
செவ்வாய், மாலை 4.15

இன்சுலின் எங்கே வைக்கப் போறீங்க? திறக்காதது 2 முதல் 8 டிகிரி. திறந்த இன்சுலின் பேனா அறை வெப்பத்தில் 28 நாள் என்று பெட்டியில் இருக்கும். ஆனால் அந்த அறை வெப்பம் 30 டிகிரிக்குள். நம்ம ஊரில் பிப்ரவரியில் இருந்தே அது நடக்காது. மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் மதியம் கையை விட்டுப் பாருங்க, அடுப்படி மாதிரி இருக்கும். சத்துணவு ஃபிரிட்ஜில் வைத்தால் ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைக்காதீங்க. ஒருமுறை உறைந்த இன்சுலின் கரைந்த பிறகு பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது. ஃபிரிட்ஜ் இல்லை என்றால் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், ஈரத்துணி மூடி, நிழலில். கிழக்கே இருந்து கணவாய்க் காற்று வறண்டு அடிக்கும் மாதங்களில் சட்டி நல்லாவே குளிரும். ஜூன், ஜூலை மழையில் காற்று ஈரமாக இருப்பதால் அந்த அளவுக்குக் குளிராது, அப்போது வெயிலும் இல்லை. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுவைங்க. கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீங்க.

பழையசாவி
செவ்வாய், மாலை 6.00

வலிப்புக்கு இரும்புச் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்தால் நிற்கும்னு எங்க பக்கம் செய்வாங்க. அலமாரிச் சாவி போதுமா?

நொடிமுள்
செவ்வாய், மாலை 6.35

சாவி கொடுத்ததால் நிற்கவில்லைங்க. பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்தில் தானே நிற்கும், சாவி தேடிக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவுதான். கெட்டியாகப் பிடித்த விரலைப் பிரித்துச் சாவியைத் திணித்தால் விரல் முறியும். வெங்காயம், செருப்பு வேண்டாம். பல்லுக்கு நடுவில் கரண்டி வேண்டவே வேண்டாம், பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகும்.

செய்வது: முதலில் கடிகாரம் பார்க்கணும். யாராவது ஒருவருக்கு அது மட்டுமே வேலை. பெஞ்சையும் டெஸ்க்கையும் தள்ளி, தலைக்குக் கீழே பையோ துணியோ. கழுத்துப் பட்டன், டை, பெல்ட் தளர்த்தணும். இழுப்பு தளர்ந்ததும் இடப்பக்கம் ஒருக்களிக்கணும், எச்சிலும் வாந்தியும் வெளியே வடியும். பிடித்து அமுக்கக்கூடாது. மற்ற பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பணும், இடுப்புக்கு மேல் ஒரு துணி போர்த்தணும். பலர் சிறுநீர் போய்விடுவார்கள், அதை நாற்பது பேர் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது.

5 நிமிஷம் தாண்டினால் 108, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே இருந்தால் அதையும். இங்கேதான் கவனம். ஸ்ப்ரே ஒரு அழுத்தலுக்கு 0.5 மில்லிகிராம் வருவது ஒன்று, 1.25 வருவது இன்னொன்று. குப்பி பார்க்க ஒரே மாதிரி. கிலோவுக்கு 0.2 என்ற கணக்கில் 25 கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் குப்பியில் 10 அழுத்தல், ரெண்டாவதில் 4. அம்மா மெடிக்கலில் குப்பி மாற்றி வாங்கி வந்தால் தாளில் உள்ள எண்ணிக்கை பொய்யாகிவிடும். ஒவ்வொரு முறை புதுக் குப்பி வரும்போதும் பலத்தைத் தாளோடு ஒத்துப்பாருங்க. புதுசு என்றால் மூக்கில் வைக்கும் முன் காற்றில் அழுத்திப் பார்க்கணும், நுண்தூறல் வந்த பிறகே எண்ணிக்கை ஆரம்பம். பாதி இந்த மூக்கு, பாதி அந்த மூக்கு.

நின்ற பிறகு பிள்ளை தூங்கும். எழுப்பாதீங்க, மூச்சை மட்டும் பாருங்க. முழுத் தெளிவு வரும் வரை தண்ணீர் கூட வேண்டாம்.

ஊதுகுழல்
செவ்வாய், இரவு 8.20

வீசிங் நாலு பேர் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி மூச்சிழுக்கும் குழாய்) வாங்கித்தான் ஆகணும், 6,000 ரூபாயில் முதல் செலவு இதுவே. வாயில் சரியாகக் கவ்வத் தெரியாத சின்னவர்களுக்கு மாஸ்க் உள்ளது, மற்றவர்களுக்கு வாயில் வைப்பது.

நீல இன்ஹேலர், சால்புட்டமால் 100 மைக்ரோகிராம். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கணும், பையில் கிடந்ததில் பென்சில் தூளும் காகிதத் துணுக்கும் இருக்கும். குலுக்கி, ஒரு அழுத்தல், ஐந்தாறு மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. மொத்தம் 4. நாலையும் ஒரே மூச்சில் ஸ்பேசருக்குள் அடித்தால் மருந்து சுவரில்தான் ஒட்டும். 4 நிமிஷம் பொறுத்து, தேறவில்லை என்றால் மறுபடி 4. அதற்கும் தேறவில்லை என்றால் 108, வண்டி வரும் வரை அதே 4, 4 தொடரலாம். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்குது, உதடு நீலம், இதில் எது இருந்தாலும் முதல் 4 கொடுக்கும்போதே 108. நெஞ்சில் சத்தம் அடங்கியது நல்ல அறிகுறி என்று நினைக்காதீங்க. காற்றே போகாத நெஞ்சிலும் சத்தம் வராது.

ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்து, துடைக்காமல் தானே காயவிடணும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும். கைக்கு ஸ்பேசர் இல்லாத நேரத்தில் 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பியின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு இறுக்கமாகச் செருகினால் வேலை நடக்கும். டிசம்பர், ஜனவரியில் கணவாய்க் காற்றும் புழுதியும் கிளம்பும்போது இந்த நாலு பேர் பெயரையும் பிடி டீச்சர் மேசையில் ஒட்டிவைங்க.

இரண்டுடவர்
செவ்வாய், இரவு 9.05

எல்லாரும் 108, 108 என்கிறீர்கள். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடும். எதிர்முனையில் தமிழில் பேசுகிறார்களே என்று நிம்மதியாகி, "பள்ளிக்கூடத்தில் இருந்து பேசறோம்" என்று ஆரம்பிக்காதீங்க. முதல் வாக்கியம்: "கேரளா, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, இந்த ஊர்." பிறகு அடையாளம், பிறகுதான் நோய். இதைப் பெரிதாக எழுதி ஆபீஸ் போன் பக்கத்தில் ஒட்டுங்க. சிம் ரெண்டு கம்பெனியுடையதாக இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

கூடவே, ஜூனிலேயே தலைமையாசிரியர் ஒரு மத்தியானம் செலவழித்து அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் போன் பண்ணிக் கேட்கணும்: பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, குழந்தைக்கான ஆக்சிஜன் மாஸ்க் இருக்கிறதா, ராத்திரி டாக்டர் உண்டா. சித்தூரா, பாலக்காடா, பொள்ளாச்சியா, கோவையா என்பதை அந்தப் பட்டியல் சொல்லணும். மூச்சு, வலிப்பு, பாம்பு மூன்றுக்கும் மருந்து இருக்கிற பக்கத்து இடம் எதுவோ அதுதான், செக்போஸ்டுக்கு எந்தப் பக்கம் என்பது கணக்கே இல்லை. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது என்பதெல்லாம் அட்மிஷன் கவுண்டரில் வருகிற கேள்வி.

தென்னந்தோப்பு
புதன், காலை 6.50

பாம்பு என்றதும் சொல்கிறேன். 2019 நவம்பரில் வயநாட்டில் வகுப்பறைத் தரைப் பொந்திலிருந்த பாம்பு கடித்து 10 வயதுப் பிள்ளை இறந்ததுக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் பொந்து அடைத்தார்கள். இப்போது எத்தனை பள்ளியில் மறுபடி திறந்திருக்கிறது என்று பாருங்க. கழிப்பறைக் கதவடி, விறகு, பழைய பெஞ்சுக் குவியல், தென்னை மட்டை, இவைதான் இடம்.

கடித்தால் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறியக்கூடாது, பாம்பைத் தேடி அடிக்கக்கூடாது. கொலுசு, வளையல், அரைஞாண் கயிறு, ஷூ கழற்றணும், வீக்கம் ஏறினால் இறுகும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஸ்கேல் வைத்துக் கட்டுவது போல வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகணும். கடித்த மணியைக் கையில் பேனாவால் எழுதுங்க. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். "ஏதோ குத்துச்சு டீச்சர்" என்று பிள்ளை சொன்னால் முள் என்று முடிவுகட்டாதீங்க. பெற்றோர் வரட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. வண்டியில் ஏறிவிட்டு போன் பண்ணுங்க.

வெள்ளைச்சேலை
புதன், காலை 7.30

நாய்க்கடியையும் சேர்த்துக்கொள்ளுங்க. அதுதான் இதைவிட அடிக்கடி வரும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம். கடிகாரம் வைத்துப் பாருங்க, எல்லாரும் ரெண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுவார்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வேண்டாம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கடிவாயில் போடும் எதிர்ப்பு மருந்து) வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். பாலக்காட்டில் ஆரம்பித்து லீவுக்கு உடுமலைப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைக்கு 28ஆம் நாள் ஊசி தவறிவிடும். சீட்டைப் போட்டோ எடுத்து, தேதியைப் பதிவேட்டில் எழுதி, அன்று காலை நீங்களே போன் பண்ணிக் கேளுங்க.

வெயிலூர்
புதன், காலை 10.40

வாட்டர் பெல் பத்தி ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் காலை 10.30க்கும் மதியம் 2.30க்கும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மணி அடிக்கச் சொன்னார்கள். மணி அடிக்குது. பெண்பிள்ளைகள் பாதிப் பேர் குடிப்பதில்லை, காரணம் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லை, வாளி இல்லை. சிறுநீர்க் கடுப்பு மார்ச்சில் வரிசையாக வருவது அதனால்தான். பிடிஏ பணத்தில் 300 ரூபாய்க்குத் தாழ்ப்பாள் போடுவதும் மருத்துவச் செலவுதான்.

வெயிலில் சுருண்டால்: நிழல், கால் உயரம், ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 4.2 கிராம், 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய தப்பு, உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும். ஒரு லிட்டர் கோடு போட்ட குப்பியை ஓஆர்எஸ் பெட்டியோடு கயிற்றில் கட்டிவைங்க. ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு வந்த இனிப்பு ஜூஸ் டப்பாக்கள் வேறு. அந்தப் பெயரை லேபிளில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. பழைய சரக்கு கடையில் கிடந்தால் வாங்காதீங்க.

உளறல், தடுமாற்றம், உடம்பு நெருப்பு என்றால் அது வெப்பத் தாக்கு. அங்கே குளிரவைப்பது முதலில், வண்டி பிறகு. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க, அக்குளிலும் கவட்டையிலும் ஐஸ். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

எல்லைக்கல்
புதன், மதியம் 12.55

பாராசிட்டமால் சாதாரணக் காய்ச்சலுக்குச் சிக் ரூமில் வைக்கலாமா?

வெள்ளைச்சேலை
புதன், மதியம் 1.30

வருஷ ஆரம்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் வைக்கலாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம். சிரப் 125, 250 ரெண்டு பலத்தில் வரும், 5 மில்லிக்கு. 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம்: முதலாவதில் 12 மில்லி, ரெண்டாவதில் 6. பள்ளியில் ஒரே பலம் மட்டும் வாங்குங்க. "காலையில் வீட்டில் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு" என்று போனில் கேட்காமல் கொடுக்காதீங்க. 8 மணிக்குக் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கித்தான் பஸ் ஏற்றிவிட்டிருப்பார்கள், 12 மணிக்கு மறுபடி ஏறும். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால்தான் திரும்ப வரணும்.

நீலமாத்திரை
புதன், இரவு 7.45

இரும்பு மாத்திரை பத்தி யாரும் சொல்லவில்லை. 10 வயசுக்குக் கீழே இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம் இரும்பு. அதற்கு மேல் நீலம், 60. வாரம் ஒன்று, சோறு தின்ற பிறகு. வெறும் வயிற்றில் கொடுத்தால் நாலு பேர் வாந்தி எடுப்பார்கள், அதைப் பார்த்து நாற்பது பேர் எடுப்பார்கள், மறுநாள் பத்திரிகையில் வரும். சத்துணவில் பால் கொடுக்கும் நாளில் மாத்திரை வேண்டாம், கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. டீயும் அப்படியே. மலம் கறுப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. அட்டப்பாடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அரிவாள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை முடிவைப் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம், நர்ஸிடம் கேட்டுச் செய்யுங்க.

குடற்புழு மாத்திரை 400 மில்லிகிராம், கட்டாயம் மென்று தின்னவைக்கணும். அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம்.

கிணற்றடி
புதன், இரவு 8.30

பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் பல் விளக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீங்க. நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் போகும் என்று சமையலம்மா சொல்வார். போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடும்.

இரண்டுடவர்
புதன், இரவு 9.10

தொற்று விஷயத்திலும் ரெண்டு பக்கமும் ஒரே விதி வைங்க. 2022 மே மாதம் தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் பரவி வாளையாறு செக்போஸ்டில் நிறுத்திப் பார்த்தார்கள். கை, கால், வாய் நோய்தான் அது. காய்ச்சல் போய், கொப்புளம் காயும் வரை வீட்டில். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை. பொன்னுக்கு வீங்கி, வீக்கம் தொடங்கி 5 நாள். பேனுக்கும் சொறிக்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பி அவமானப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போடணும், அதைப் பாருங்க.

எல்லைக்கல்
வியாழன், காலை 7.15

பட்டியல் போட்டேங்க: ஸ்பேசர் 2, இன்ஹேலர் 1, மீட்டரும் 25 பட்டையும், தெர்மாமீட்டர் 2, சின்ன ஓஆர்எஸ் 20, சலைன், காஸ், கையுறை, மண்சட்டி ஒரு ஜோடி, தாழ்ப்பாள் 4. எடை மெஷின் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். இன்ஹேலரில் எண் காட்டும் சன்னல் இல்லை. தீர்ந்துதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்கிறார்களே?

ஊதுகுழல்
வியாழன், காலை 7.50

தண்ணீரில் போடாதீங்க, வால்வு கெடும், விடையும் தப்பாகத்தான் வரும். குலுக்கினால் சத்தம் கேட்பதும் நம்பகமில்லை, மருந்து தீர்ந்த பிறகும் வாயு இருக்கும், புஸ்ஸென்று வரும். குப்பிக்கு 200 அழுத்தல். வெள்ளைப் பிளாஸ்டரை இன்ஹேலர் முதுகில் ஒட்டி, திறந்த தேதியை எழுதி, ஒவ்வொரு முறை கொடுத்ததும் பேனாவால் அத்தனை கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே, சந்தையில் தேங்காய் எண்ணுவது போல. சோதித்துப் பார்க்கக் காற்றில் அடித்ததையும் சேர்த்து எண்ணணும். 160 தாண்டியதும் அடுத்தது வாங்கிடுங்க.